ஓப்பன் ஆபிஸ் தேடுறீங்களா? லிப்ரே ஆபிஸ் போடுங்க, ஏன்னு சொல்றேன்

இன்னைக்கும் காசு குடுக்காம ஒரு ஆபிஸ் சாஃப்ட்வேர் வேணும்னு தேடுறவங்கள்ல நிறைய பேர் நேரா போய் ஓப்பன் ஆபிஸைத்தான் இறக்குறாங்க. பிரவுசிங் சென்டர், ஸ்கூல் லேப், பழைய லேப்டாப்பை சரி பண்ணி விக்கிற கடை, எங்க பார்த்தாலும் இந்தப் பேர் வாயில வருது. பேர் பழகின பேர், அதனால யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்த சாஃப்ட்வேரை வளர்த்தவங்கள்ல நிறைய பேர் 2010-லயே அங்கேர்ந்து கிளம்பிட்டாங்க, கிளம்பி வந்து அதே புரோகிராம் கோடை வச்சு தனியா ஆரம்பிச்சதுதான் லிப்ரே ஆபிஸ், இப்ப ஓப்பன் ஆபிஸ்னு நீங்க இறக்குறது அவங்க விட்டுட்டு வந்த வீடு.

நான் தினமும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மாத்தி மாத்தி டைப் பண்ற ஆளு. சங்கக் கூட்டத் தீர்மானம், விழா நோட்டீஸ், கேள்வித்தாள், ஆண்டு மலர், இதெல்லாம்தான் வேலை. அந்த வேலைக்கு இது எப்படி இருக்குன்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூ. ஆனா ரெண்டுல எதைப் போடணும்ங்கிறது பின்னாடி நடந்த கதையிலதான் இருக்கு, அதனால அதைக் கொஞ்சம் சொல்லிட்டு வர்றேன், பொறுத்துக்கோங்க.

மூலம் ஜெர்மனி. மார்கோ பொரீஸ்ங்கிற பையன் 1985-ல ஆரம்பிச்ச ஸ்டார் டிவிஷன் கம்பெனியோட ஸ்டார் ஆபிஸ். 1999-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ங்கிற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஸ்டார் டிவிஷனை வாங்குச்சு, அடுத்த வருஷம் 2000 அக்டோபர்ல கோடை ஓப்பன் சோர்ஸா, அதாவது யார் வேணும்னாலும் பார்த்துத் திருத்திக்கலாம்னு, வெளிய விட்டுச்சு, அதுதான் ஓப்பன் ஆபிஸ். நல்ல காரியம்தான், ஆனா அப்பவே ஒரு முள்ளு இருந்துச்சு: வெளியாள் யாராவது கோட் எழுதிக் குடுத்தா அதோட காப்பிரைட்டுல சன்னுக்கும் பங்கு எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுவும் போக, குடுத்த மாற்றங்கள் உள்ள போறதுக்கு ரொம்ப நாள் ஆகும், சிலது போகவே போகாது. அதனால நோவெல் கம்பெனிக்காரங்க கோ-ஓஓன்னு தனியா ஒரு மாற்றத் தொகுப்பே வச்சிருந்தாங்க, பல லினக்ஸ்ல ஓப்பன் ஆபிஸ்ங்கிற பேர்ல ஓடினது உண்மையில அதுதான். ஆக பிரிவினை திடீர்னு வரல, உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

2009 ஏப்ரல்ல டேட்டாபேஸ் விக்கிற ஆரக்கிள் கம்பெனி 7.4 பில்லியன் டாலருக்கு சன்னை வாங்கப் போறதா அறிவிச்சுச்சு, 2010 ஜனவரில வாங்கி முடிச்சுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல சன்னோட இன்னொரு திட்டமான ஓப்பன் சோலாரிஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை திறந்த முறையில வளர்க்கிறதை ஆரக்கிள் நிறுத்திருச்சு. பக்கத்து ரூம்ல விளக்கை அணைச்சா நமக்கும் தெரியும்ல, ஓப்பன் ஆபிஸ்காரங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. 2010 செப்டம்பர் 28-ம் தேதி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பை அறிவிச்சாங்க. அன்னைக்கு அவங்க ஆரக்கிளை எதிர்த்து சண்டைக்கு நிக்கல, நீங்களும் வாங்க, ஓப்பன் ஆபிஸ்ங்கிற பேரை இந்த அமைப்புக்குக் குடுங்கன்னுதான் கேட்டாங்க. அதுவரைக்கும் சும்மா ஒரு தற்காலிகப் பேரா வச்சதுதான் லிப்ரே ஆபிஸ். ஆரக்கிள் பேரைக் குடுக்கல. அடுத்த மாசமே, புது அமைப்புல சேர்ந்தவங்க பழைய கம்யூனிட்டி கவுன்சில்ல இருந்து விலகணும்னு ஆரக்கிள் தரப்பு சொல்லிருச்சு. தற்காலிகப் பேரே நிரந்தரப் பேரா ஆகிருச்சு.

அமைப்பை ஜெர்மனியில சட்டப்படி பதிவு பண்ண 50,000 யூரோ மூலதனம் வேணும்னு 2011 பிப்ரவரில மக்கள்கிட்ட கேட்டாங்க, எட்டே நாள்ல வந்து சேர்ந்துச்சு. யாரோ ஒரு பெரிய முதலாளி போட்ட பணம் இல்ல, அஞ்சும் பத்தும் ஐம்பதுமா உலகம் முழுக்க பயன்படுத்துறவங்க போட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைஞ்சு போகும். முதல் வெர்ஷன் 3.3, 2011 ஜனவரில வந்துச்சு, ஏப்ரல்ல வந்த உபுண்டு லினக்ஸ்ல ஓப்பன் ஆபிஸை எடுத்துட்டு இதை வச்சுட்டாங்க.

அதே ஏப்ரல்ல ஆரக்கிள் கை கழுவிருச்சு. ஜூன்ல கோடையும் பேரையும் அப்பாச்சிங்கிற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்குத் தூக்கிக் குடுத்துச்சு, ஐபிஎம் அதுக்குப் பின்னாடி நின்னுச்சு. கேட்டவங்களுக்குக் குடுக்காம வேற இடத்துக்குப் போன அந்தப் பேர்தான் இன்னைக்கு வரைக்கும் குழப்பத்துக்குக் காரணம். ஹோட்டல் போர்டு பழைய இடத்துலயே தொங்குது, மாஸ்டரும் சமையக்காரங்களும் எதிர்த்த தெருவுல வேற பேர்ல அடுப்பு பத்த வச்சுட்டாங்க, புதுசா ஊருக்கு வர்றவன் போர்டைப் பார்த்துத்தானே உள்ள போவான். 2020-ல அப்பாச்சி ஓப்பன் ஆபிஸ் 30 கோடி டவுன்லோடைத் தாண்டிருச்சுன்னு அவங்களே அறிவிச்சாங்க, பேரோட பலம் எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க.

சரி, ஓப்பன் ஆபிஸ் போட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்பீங்க. முதல் விஷயம், 4.1 வரிசை 2014-ல வந்தது, அதுக்கப்புறம் வந்தது எல்லாம் அந்த 4.1-க்குள்ளயே சின்னச் சின்ன திருத்தம்தான். ரெண்டாவது, வேர்டோட டாக்-எக்ஸ் ஃபைலை அதுல திறக்கலாம், ஆனா டாக்-எக்ஸா சேவ் பண்ண முடியாது. இன்னைக்கு எந்த ஆபிஸ்ல கேட்டாலும் டாக்-எக்ஸ் அனுப்புங்கன்னுதான் சொல்றாங்க, அப்ப இதை வச்சு என்ன செய்ய. விண்டோஸ்ல இன்னும் 32 பிட்தான். மூணாவது எனக்கு ரொம்ப முக்கியம்: 2015 ஏப்ரல்ல ஹெச்டபிள்யூபிங்கிற கொரிய வேர்ட் ப்ராசஸர் ஃபைலைத் திறக்கிற பகுதியில ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய தெரிஞ்சுச்சு, லிப்ரே ஆபிஸ் உடனே அடைச்சுட்டாங்க, ஓப்பன் ஆபிஸ்ல அதை அடைச்ச வெர்ஷன் வந்தது அக்டோபர் கடைசியில. ஆறு மாசம். அவங்க கெட்டவங்க இல்ல, வேலை பார்க்க ஆள் இல்ல, அவ்வளவுதான். 2016-ல அப்பாச்சி ஓப்பன் ஆபிஸோட பொறுப்பாளரே இதை மூடிரலாமான்னு வெளிப்படையா பேச்சை எடுத்தாரு. 2020 அக்டோபர்ல, 20-வது பிறந்தநாளை ஒட்டி, லிப்ரே ஆபிஸ்காரங்க ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க, உங்ககிட்ட வர்றவங்ககிட்ட புதுசா வளர்ற ஒண்ணு இருக்குன்னாவது சொல்லுங்கன்னு. நியாயமான கோரிக்கைன்னு நினைக்கிறேன்.

லைசென்ஸ் கதையையும் ரெண்டு வரியில சொல்லிடறேன். அப்பாச்சி லைசென்ஸ் தாராளமானது, அதுல இருக்கிற கோடை லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கலாம். லிப்ரே ஆபிஸ் கோடை அவங்க அப்படி எடுக்க முடியாது. ஒன்வே ரோடு மாதிரி ஆகிப்போச்சு, அதனால அங்க நடக்கிற நல்லது எல்லாம் இங்க வரும், இங்க நடக்கிறது அங்க போகாது.

பிரிஞ்சு வந்தவங்க முதல்ல என்ன செஞ்சாங்கன்னு பார்த்தா, புது வசதி எதையும் தூக்கிக் காட்டல, வீட்டைக் கூட்டினாங்க. ஸ்டார் டிவிஷன் காலத்து கோட், உள்ள குறிப்புகள் எல்லாம் ஜெர்மன்ல இருந்துச்சு, படிக்கத் தெரியாதவன் எப்படி திருத்துவான். அதை வரி வரியா இங்கிலீஷாக்கணும்னு ஒரு வேலையை வெளிய வச்சாங்க, கோட் எழுதவே தெரியாதவங்க கூட, ஜெர்மன் தெரிஞ்சா போதும், வந்து சேர்ந்தாங்க, வருஷக்கணக்கா நடந்துச்சு. யாரும் கூப்பிடாத செத்த ஃபங்ஷன்களைத் தேடித் தேடி அழிச்சாங்க. காப்பிரைட்டை எழுதிக் குடுக்கணும்ங்கிற அந்தப் பழைய முள்ளையும் பிடுங்கிப் போட்டாங்க. இப்படிப் பிரிஞ்சு வர்றதை ஃபோர்க்னு சொல்வாங்க, ஒரு ஃபோர்க் நிலைக்குமா நிலைக்காதான்னு பார்க்க எனக்கு இதுதான் அடையாளம், கோபத்துல கிளம்பி வந்தவங்க முதல் வாரம் கத்துவாங்க, அதுக்கப்புறம் துடைப்பத்தை எடுக்கிறாங்களான்னு பாருங்க.

இப்ப சாஃப்ட்வேருக்கு வர்றேன், முக்கியமா தமிழுக்கு.

போட்ட உடனே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு, இதைச் செய்யாமதான் பாதிப் பேர் "தமிழ் சரியா வரல"ன்னு தூக்கிப் போடுறாங்க. டூல்ஸ்ல ஆப்ஷன்ஸ் போங்க, அதுல லாங்குவேஜஸ் பகுதியில ஜெனரல்னு ஒண்ணு இருக்கும், அங்க காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுன்னு இருக்கிறதுல தமிழைத் தேர்ந்தெடுங்க. லிப்ரே ஆபிஸ் கணக்குல இங்கிலீஷ் ஒரு சாதி எழுத்து, தமிழ் வேற சாதி எழுத்து, ரெண்டுக்கும் ஃபான்ட் தனி, சைஸும் தனி. பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து 12-ஐ 14-ஆ மாத்துறீங்க, இங்கிலீஷ் மட்டும் பெருசாகும், தமிழ் அப்படியே நிக்கும், ஏன்னா நீங்க மாத்தினது மேற்கத்திய எழுத்துக்கான பெட்டியில, தமிழுக்கான சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) பெட்டி தனியா இருக்கு. முதல்ல இது எரிச்சலா இருக்கும், பழகிட்டா இதுதான் வரம். ஒரே ஸ்டைல்ல இங்கிலீஷுக்கு ஒரு ஃபான்ட் 12, தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் 11-ன்னு வச்சுட்டா ரெண்டும் ஒரே உயரத்துல கண்ணுக்கு இதமா உட்காரும், நூறு பக்க மலரா இருந்தாலும் ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும். வேர்டுலயும் இந்த மாதிரி பிரிவு உண்டு, ஆனா இங்க கண்ணு முன்னாடி தெளிவா இருக்கு.

எழுத்து உருவாகிற விதத்தைப் பத்தி ஒரு நல்ல செய்தி. கொ, கோ மாதிரி எழுத்துல கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் சரியா விழணும், அதைப் பண்றது ஷேப்பிங் என்ஜின். முன்னாடி விண்டோஸ்ல ஒண்ணு, மேக்ல ஒண்ணு, லினக்ஸ்ல ஒண்ணுன்னு மூணு என்ஜின், அதனால ஒரே ஃபைல் மூணு மெஷின்ல மூணு விதமா வரி உடையும். 2017-ல வந்த 5.3 வெர்ஷன்லேர்ந்து எல்லாத்துலயும் ஹார்ஃப்பஸ்னு ஒரே என்ஜின். அதே ஃபான்ட் ரெண்டு மெஷின்லயும் இருந்தா வரி அதே இடத்துலதான் உடையும், தமிழ்ல நீளநீளமான வார்த்தை வச்சு பக்கம் கட்டுறவங்களுக்கு இதோட அருமை தெரியும். ஃபான்ட் அந்தப் பக்கம் இருக்குமான்னு சந்தேகமா இருந்தா ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபான்ட்னு ஒரு டேப், அதுல எம்பெட் ஃபான்ட்ஸ்னு ஒரு டிக், போட்டு சேவ் பண்ணுங்க, ஃபான்ட்டும் ஃபைலோடயே போயிரும்.

எக்ஸெல்லுக்குப் பதிலா இதுல இருக்கிற கால்க்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சின்ன விஷயம் சொல்றேன். பேரு, ஊரு, போன் நம்பர்னு தமிழ்ல ஒரு லிஸ்ட் சிஎஸ்வி ஃபைலா வருதுன்னு வைங்க. எக்ஸெல்ல அதை டபுள் கிளிக் பண்ணா பல நேரம் தமிழ் எல்லாம் புரியாத கிறுக்கலா வரும், ஏன்னா ஃபைல் ஆரம்பத்துல அடையாளக் குறி இல்லேன்னா அதை யூடிஎஃப்-8, அதாவது ஒருங்குறியைச் சேமிக்கிற முறைன்னு எக்ஸெல் எடுத்துக்காது. கால்க் அப்படி இல்ல, திறக்கும்போதே ஒரு பெட்டியைக் காட்டி எந்த என்கோடிங், எந்தக் குறியில பிரிக்கணும்னு கேட்கும், கீழ முன்னோட்டமும் தெரியும். யூடிஎஃப்-8-ன்னு குடுத்த உடனே கீழ முன்னோட்டத்துல தமிழ்ப் பேரு பளிச்சுன்னு வந்து நிக்கும். அதே பெட்டியில போன் நம்பர் இருக்கிற நெடுவரிசையைக் கிளிக் பண்ணி டெக்ஸ்ட்னு மாத்திட்டா முன்னாடி இருக்கிற பூஜ்யம் ஓடிப்போகாது. லிஸ்ட் வச்சு வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த ஒரு பெட்டிக்காகவே லிப்ரே ஆபிஸ் போடலாம்.

பிடிஎஃப் எக்ஸ்போர்ட் அருமை. அதுல ஹைப்ரிட்னு ஒண்ணு இருக்கு, பிடிஎஃப்புக்குள்ளயே ஒரிஜினல் ஃபைலையும் வச்சுரும், பார்க்கிறவங்களுக்கு அது சாதா பிடிஎஃப், நீங்க லிப்ரே ஆபிஸ்ல திறந்தா திரும்பத் திருத்தலாம். நிறைய பேருக்கு இது இருக்கிறதே தெரியாது.

குறை இல்லையான்னா, இருக்கு. வேர்டுல நுணுக்கமா டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், ஸ்மார்ட் ஆர்ட் எல்லாம் போட்டுக் கட்டின டாக்-எக்ஸ் இங்க வந்தா அங்கங்க நகரும். கேலிப்ரிக்கு பதிலா கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு பதிலா கலடியான்னு அதே அகலத்துல ஃபான்ட் கூடவே வருது, அதனால இங்கிலீஷ் ஓரளவு தப்பிச்சுரும், தமிழ் ஃபான்ட்டுக்கு அப்படி மாற்று கிடையாது, ஃபான்ட் இல்லேன்னா பக்க எண்ணே மாறும். கடைசி வடிவத்தை எப்பவும் பிடிஎஃப்பா அனுப்புறதுதான் புத்திசாலித்தனம். எக்ஸெல் மேக்ரோ வச்சு ஓடுற பெரிய ஷீட் இருந்தா முதல்ல ஒரு காப்பி எடுத்து ஓட்டிப் பாருங்க, எல்லாம் அப்படியே ஓடும்னு நான் சொல்ல மாட்டேன். பேஸ்ங்கிற டேட்டாபேஸ் பகுதி பலவீனமானது, அதோட உள் டேட்டாபேஸுக்கு ஜாவா வேற வேணும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே டாக்குமெண்டை எழுதுறதெல்லாம் கம்ப்யூட்டர்ல போடுற இந்த வெர்ஷன்ல கிடையாது, அதுக்கு கொலாபரா ஆன்லைன் மாதிரி தனி சர்வர் வேணும். தோற்றம் பழசா இருக்குன்னு சொல்றவங்க வியூவுல யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்டுன்னு மாத்திப் பாருங்க, வேர்டு மாதிரி ரிப்பன் வந்துரும். மெனுவைத் தமிழ்லயே வச்சுக்கலாம், தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது, அவங்க உழைப்புக்கு என்னோட நன்றி. சில இடம் இங்கிலீஷாவே நிக்கும், அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு போடுங்க.

இன்னொரு கவலையும் சொல்லணும், இது சாஃப்ட்வேர் பத்தி இல்ல, அதை நடத்துறவங்களைப் பத்தி. கோட் எழுதுறதுல பெரும்பங்கு இன்னைக்கு கொலாபரா மாதிரி சில கம்பெனிகளோட சம்பள ஆட்கள் பண்றது. ஆபிஸ்களும் அரசாங்கங்களும் இலவச வெர்ஷனை இறக்கிக்கிட்டு காசு குடுத்து சப்போர்ட் வாங்காம இருந்தா அந்த ஆட்களுக்கு சம்பளம் எங்கேர்ந்து வரும்? 2020-ல 7.0 வரும்போது இலவச வெர்ஷனுக்கு "பர்சனல் எடிஷன்"னு பேர் போட முயற்சி பண்ணாங்க, பயன்படுத்துறவங்க பதறிப்போனாங்க, இனிமே காசு கேட்பாங்களோன்னு. எதிர்ப்பு வந்து அதை நிறுத்தி, 2021-ல 7.1-லேர்ந்து "கம்யூனிட்டி"ன்னு போட்டாங்க. 2023-ல ரெட் ஹேட் கம்பெனி தன்னோட லினக்ஸுக்கு இதை பேக்கேஜ் பண்ற வேலையிலேர்ந்து விலகிக்குச்சு. ஆக கம்பெனிகிட்ட இருந்து பிரிஞ்சு வந்துட்டதால காசுக் கவலை தீர்ந்துரல. ஒரு தைரியம் என்னன்னா, இந்த அமைப்பு 2012-லேர்ந்து பெர்லின்ல ஜெர்மன் சட்டப்படி பதிவான அறக்கட்டளை, எந்த ஒரு கம்பெனி ஆட்களும் மொத்த போர்டையும் பிடிச்சுர முடியாதபடி விதி வச்சிருக்காங்க, இன்னொரு ஆரக்கிள் வந்து அலேக்கா வாங்கிட்டுப் போக வழி இல்ல.

சன்னை வாங்கினதுல ஆரக்கிள் கைக்குப் போன மத்ததுலயும் இப்படி நடந்துச்சு. கோடைத் தானா கட்டிச் சோதிக்கிற ஹட்சன்ங்கிற டூலைப் பயன்படுத்துறவங்க 2011-ல ஓட்டெடுப்பு வச்சு, 214-க்கு 14-ன்னு ஜெயிச்சு ஜென்கின்ஸ் ஆனாங்க, ஹட்சன் பேரே இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. ஆனா மைசீக்வல்ங்கிற டேட்டாபேஸ்லேர்ந்து பிரிஞ்ச மரியாடிபி நல்லா வளர்ந்தும் மைசீக்வல் சாகல, ஆரக்கிள்கிட்டயே நல்லாத்தான் ஓடுது, ஏன்னா அங்க வேலை பார்க்க ஆள் இருக்காங்க, ரிலீஸ் வருது. அதனால "ஃபோர்க்னாலே நல்லது, கம்பெனின்னாலே கெட்டது"ன்னு நான் சொல்ல வரல. ஆள் எங்க இருக்காங்க, கடைசி பெரிய ரிலீஸ் எப்ப வந்துச்சு, இது ரெண்டையும் பார்த்து முடிவு பண்ணுங்க. அந்தக் கணக்குல லிப்ரே ஆபிஸ் வருஷத்துக்கு ரெண்டு பெரிய வெர்ஷன் விடுது, 2024-லேர்ந்து நம்பரையே வருஷம், மாசமா மாத்திட்டாங்க, 24.2-ன்னா 2024 பிப்ரவரி, 24.8-ன்னா ஆகஸ்ட், உங்க மெஷின்ல இருக்கிறது எவ்வளவு பழசுன்னு பார்த்த உடனே தெரியும்.

பெரிய இடத்துலயும் நம்பி இறங்குறாங்க. ஜெர்மனியில ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசு கம்ப்யூட்டரை இதுக்கு மாத்துறதா 2024 ஏப்ரல்ல முடிவு எடுத்துச்சு. நம்ம பக்கத்துல கேரள ஸ்கூல்கள்ல பசங்க லினக்ஸும் லிப்ரே ஆபிஸும்தான் படிக்கிறாங்க. தமிழ்நாட்டுல அரசோட எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான எல்காட்ல 2006, 2007 வாக்குலயே ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் பொறுப்புல இருந்தப்ப சூசே லினக்ஸும் ஓப்பன் ஆபிஸும் கொண்டு வந்தாங்க, அந்த வேகம் அப்படியே தொடர்ந்திருந்தா இன்னைக்கு நம்ம ஆபிஸ்கள்ல தமிழ் ஒருங்குறியில எங்கேயோ போயிருக்கும்னு எனக்கு ரொம்ப ஆதங்கம் உண்டு.

போடுறவங்களுக்கு: லிப்ரே ஆபிஸோட சொந்த சைட்லேர்ந்தே இறக்குங்க, ஃபைல் சுமார் 350 எம்பி, காசு கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல, மேக் ஸ்டோர்ல சின்ன தொகை கேட்கும், அதுவும் அந்த அமைப்பே போட்டதுதான், குடுக்க மனசு இருந்தா தாராளமா குடுங்க. மெனு தமிழ்ல வேணும்னா இன்ஸ்டால் பண்ணும்போது கஸ்டம்னு குடுத்து தமிழையும் சேர்த்துக்கோங்க. ஆபிஸ்ல பத்து மெஷினுக்குப் போடுறதா இருந்தா அன்னைக்கு வந்த புது வெர்ஷனுக்கு ஓடாதீங்க, திருத்தம் நாலஞ்சு வந்து அடங்கின வெர்ஷனைப் போடுங்க. ஏற்கனவே ஓப்பன் ஆபிஸ்ல வேலை பார்த்தவங்க பழைய ஓடிடி, ஓடிஎஸ் ஃபைலுக்குக் கவலைப்பட வேண்டாம், ஒண்ணும் மாத்தாம அப்படியே இங்க திறக்கும், திறந்து பார்த்துட்டு பழசை அன்இன்ஸ்டால் பண்ணிருங்க.